எந்தக் காலால் உதைப்பாய்?

கிளாஸ்கோவில் புதிதாகப் பழகும் ஒருவரிடம் "நீங்கள் கத்தோலிக்கரா, பிராட்டஸ்டன்டா?" என்று நேராகக் கேட்பது மரியாதை இல்லை. அதற்காகத் தெரிந்துகொள்ளாமலும் விட மாட்டார்கள். "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று பேச்சுவாக்கில் வரும். பள்ளியின் பெயர் 'செயின்ட்' என்று ஆரம்பித்தால் கத்தோலிக்கர் என்று முடிவாகிவிடும். பழைய தலைமுறையிடம் இன்னொரு கேள்வியும் உண்டு: "அவன் எந்தக் காலால உதைக்கிறவன்?" இடது கால் என்று பதில் வந்தால் ஆள் கத்தோலிக்கன். இது கால்பந்தில் பிறந்த சொல் என்று நினைத்தால் தவறு. அந்தப் பக்கத்து மண்வெட்டியைக் காலால் மிதித்துத்தான் மண்ணில் இறக்குவார்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடியானவன் அதை இடது காலால் மிதிப்பான் என்றொரு பழைய நம்பிக்கை. அதுதான் உதைக்கும் கால் ஆயிற்று. நேரே கேட்க முடியாததைச் சுற்றி வளைத்துக் கேட்கும் கலையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இத்தனை சிரமமும் வேண்டாம் என்றால் மூன்றாவது கேள்வி இருக்கிறது. கால்பந்தில் நீங்கள் செல்டிக்கா, ரேஞ்சர்ஸா? பச்சை வெள்ளைப் பட்டையா, நீலமா? இதற்கு வரும் பதிலில் குலம், கோத்திரம், அரசியல், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பது வரைக்கும் அடக்கம்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 51 சதவீதம் பேர் தங்களுக்கு மதமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2011இல் இது 37 சதவீதம்தான். நாட்டின் தேசியச் சபையான சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள் 20 சதவீதமாகவும் கத்தோலிக்கர்கள் 13 சதவீதமாகவும் சுருங்கிவிட்டார்கள். தேவாலயங்களை விற்கிறார்கள், சிலவற்றில் குடியிருப்புகள் வந்துவிட்டன, சிலவற்றில் மதுக்கடைகள். ஆனால் கிளாஸ்கோவில் 60,000 பேர் உட்காரும் செல்டிக் பார்க் மைதானமும், 51,000 பேர் உட்காரும் ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானமும் நிரம்பி வழிகின்றன. ஞானஸ்நானத்துக்குப் பிறகு கோயில் படி மிதிக்காத பையன்கள் அங்கே போய், 1690இல் பிராட்டஸ்டன்ட் அரசர் கத்தோலிக்க அரசரை வென்ற பாய்ன் போரைப் பற்றியும் போப்பைப் பற்றியும் தொண்டை கிழியப் பாடுகிறார்கள்.

சாமியே போன பிறகு சாமிச் சண்டை மட்டும் எப்படி நிற்கிறது?

ஒரு பென்னிச் சாப்பாடு

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்குப் போகக் காசில்லாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது கிளாஸ்கோ. நூற்பாலை, சுரங்கம், துறைமுகம், கப்பல் கட்டும் தளம் என்று வேலைகள் இருந்தன. அழுக்கான, ஆபத்தான, குறைந்த கூலி வேலைகள் இவர்களுக்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஸ்காட்லாந்தோ 1560இலேயே போப்பை உதறிவிட்டு, ஜான் நாக்ஸ் வழியில் கறாரான சீர்திருத்தச் சபை நாடாக மாறியிருந்த மண். கூலியைக் குறைக்க வந்தவர்கள், குடிகாரர்கள், போப்பின் ஆட்கள் என்று முதல் நாளே முத்திரை குத்தியாயிற்று.

நகரத்தின் கிழக்குப் பகுதிச் சேரியில் மாரிஸ்ட் சபையைச் சேர்ந்த பிரதர் வால்ஃபிரிட் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அவரும் அயர்லாந்தின் ஸ்லைகோ வட்டாரத்துக்காரர். பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ஒரு பென்னிக்குச் சூடான சாப்பாடு போடும் திட்டம் தொடங்கினார். கருணையோடு ஒரு கவலையும் இருந்தது. பிராட்டஸ்டன்ட் அமைப்புகளும் கஞ்சித்தொட்டி நடத்தின. சூப்புக்காகப் பிள்ளைகள் மதம் மாறிவிட்டால்? சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். அதற்குக் கால்பந்து கிளப். 1887 நவம்பர் 6, செயின்ட் மேரீஸ் சர்ச் மண்டபத்தில் செல்டிக் பிறந்தது.

முதல் ஆட்டம் 1888 மே 28. எதிரணி யார் தெரியுமா? ரேஞ்சர்ஸ். செல்டிக் 5-2 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் அதே சர்ச் மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, பாட்டுக் கச்சேரி கேட்டார்கள்.

ரேஞ்சர்ஸுக்கும் அப்போது மதவாடை இல்லை. 1872இல் படகு வலிக்கும் சில விடலைப் பையன்கள் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் ஆசைக்காகத் தொடங்கிய அணி அது. சொல்லப்போனால், கதவில் மதப் பூட்டுப் போட்டுத் தொடங்கிய அணி எடின்பரோவின் ஹைபர்னியன்தான். 1875இல் ஒரு பாதிரியார் உருவாக்கிய அந்த அணியில் கத்தோலிக்க இளைஞர் சங்கத்தில் இருப்பவர்கள்தான் ஆட முடியும். செல்டிக் அப்படி ஒரு விதியை வைத்துக்கொள்ளவே இல்லை.

1890களின் தொடக்கத்தில் வால்ஃபிரிட்டை லண்டனுக்கு மாற்றினார்கள். 1897இல் செல்டிக் லிமிடெட் கம்பெனி ஆனது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போன பணம் தேய்ந்தது. செல்டிக் பார்க் வாசலில் அவருக்குச் சிலை வைத்தது 2005இல்.

பழைய கம்பெனி

இரண்டு கிளப்புகளையும் சேர்த்து 'ஓல்ட் ஃபர்ம்' என்று அழைப்பார்கள். பழைய கம்பெனி. 1904இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை போட்ட கேலிச்சித்திரத்திலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். மார்பில் விளம்பரப் பலகை மாட்டிய ஆள், பழைய கம்பெனியையே ஆதரியுங்கள் என்று கூவி அழைக்கிறான். இவர்கள் மோதினால்தான் கல்லாப்பெட்டி நிறைகிறது என்ற குத்தல் அதில் இருந்தது.

குத்தல் சும்மா இல்லை. 1909 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஹாம்ப்டன் பார்க்கில் மறு ஆட்டம், அதுவும் 1-1. கூடுதல் நேரம் உண்டு என்று கூட்டம் நம்பியிருந்தது, வீரர்களோ உள்ளே போய்விட்டார்கள். மூன்றாவது முறையும் டிக்கெட் விற்க வேண்டுமென்றே சமன் செய்கிறார்கள் என்று ரசிகர்களுக்குச் சந்தேகம். மைதானத்துக்குள் இறங்கினார்கள். கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள், டிக்கெட் கூண்டுகளுக்குத் தீ வைத்தார்கள், அணைக்க வந்த தீயணைப்புக்காரர்களையும் அடித்தார்கள். அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கலவரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. பச்சையும் நீலமும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல், சேர்ந்து நின்று கம்பெனியை அடித்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

ரேஞ்சர்ஸுக்கு நீலத்தோடு மதமும் ஏறியது எப்போது? 1912இல் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனம், ஆம், டைட்டானிக்கைக் கட்டிய அதே நிறுவனம், கோவன் பகுதியில் கப்பல் தளம் திறந்தது. ஐப்ராக்ஸ் மைதானத்துக்கு நடந்து போகிற தூரம். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த பிராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பகையையும் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அயர்லாந்தில் அப்போது சுயாட்சி வேண்டும், வேண்டாம் என்று கொந்தளிப்பு. செல்டிக்கின் வெற்றிக்கு ஈடாக நிற்க 'நம்ம ஆள்' ஒருவர் தேவைப்பட்டார். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, தெரிந்தே ஒரு கத்தோலிக்கரை ரேஞ்சர்ஸ் அணியில் எடுப்பதில்லை என்பது எழுதாத சட்டமானது.

அதற்குத் தோதான காற்றும் அடித்தது. 1918 கல்விச் சட்டம் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசுச் செலவில் கொண்டுவந்தது. போப்புக்கு நம் வரிப்பணமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1923இல் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து ஓர் அறிக்கையை ஏற்றது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் ஸ்காட்லாந்து இனத்துக்கே ஆபத்து, குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது சொன்னது. அயர்லாந்திலிருந்து வந்த பிராட்டஸ்டன்ட்கள் மேல் புகார் எதுவும் இல்லை, அவர்கள் நம் இரத்தம் என்றும் சேர்த்துக்கொண்டது. சென்னை எழும்பூரில் உயர்ந்த கோபுரத்தோடு நிற்கும் 'கர்க்' தேவாலயத்தை 1821இல் திறந்த அதே சபைதான். அந்த அறிக்கைக்காகச் சபை வருத்தம் தெரிவித்தது 2002இல். எண்பது ஆண்டுக்குப் பக்கம் ஆயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'இரண்டு பக்கமும் வெறியர்கள்தான், ஒரு கை தட்டினால் ஓசை வராது' என்று எழுதுவது எளிது. கிளாஸ்கோ பத்திரிகைகள் நெடுங்காலம் அப்படித்தான் எழுதின. வேலை விண்ணப்பத்தில் பள்ளிப் பெயரைப் பார்த்து ஒதுக்கப்பட்டது ஒரு பக்கம்தான். மேஸ்திரி வேலையும் வங்கி வேலையும் கிடைக்காமல் போனது ஒரு பக்கத்துக்குத்தான். மதவெறுப்பு வழக்குகளை அரசு கணக்கெடுத்து வெளியிடத் தொடங்கிய பிறகும், பெரும்பாலான ஆண்டுகளில் கத்தோலிக்கர்களைக் குறிவைத்தவையே முதலிடம். செல்டிக் கேலரியும் சுத்தமில்லை. அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் குண்டு வைத்தவர்களை வீரர்களாக்கிப் பாடும் பாட்டுகள் அங்கே ஒலித்திருக்கின்றன. அதற்காக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் செல்டிக்குக்கும் அபராதம் போட்டிருக்கிறது. இரண்டும் தவறு. இரண்டும் ஒரே எடை இல்லை.

எழுதாத சட்டம் எப்படி வேலை செய்தது என்பதை அலெக்ஸ் ஃபெர்குசன் தன் சுயசரிதையில் சொல்கிறார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேனேஜராக உலகப் புகழ் பெற்றவர்; ஐப்ராக்ஸ் நிழலில் கோவனில் வளர்ந்தவர். 1967இல் சாதனை விலைக்கு அவரை ரேஞ்சர்ஸ் வாங்கியது. அவர் மனைவி கத்தோலிக்கர். திருமணம் கத்தோலிக்கக் கோயிலில் நடந்ததா என்று கிளப்பின் இயக்குநர் ஒருவர் கேட்கிறார். இல்லை, பதிவாளர் அலுவலகத்தில் என்கிறார் இவர். அப்படியென்றால் சரி, என்று பதில்.

அதே 1967 மே 25. லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியானது செல்டிக். ஆடிய பதினொரு பேரும் செல்டிக் பார்க்கிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். மேனேஜர் ஜாக் ஸ்டெய்ன், சுரங்கத் தொழிலாளியாக இருந்த பிராட்டஸ்டன்ட். ஒரே திறமையில் ஒரு கத்தோலிக்கரும் ஒரு பிராட்டஸ்டன்டும் இருந்தால் யாரை எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, பிராட்டஸ்டன்டைத்தான் என்றாராம். மற்றவரை ரேஞ்சர்ஸ் எப்படியும் எடுக்காதே, அவர் எங்கே போய்விடுவார் என்பது கணக்கு. ஐப்ராக்ஸுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து ரேஞ்சர்ஸ் ரசிகனாக வளர்ந்த கென்னி டால்கிளிஷையும் செல்டிக்தான் அள்ளிக்கொண்டது. செல்டிக் ஆள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அறைச் சுவரிலிருந்த ரேஞ்சர்ஸ் படங்களைப் பையன் அவசரமாகக் கிழித்தான் என்றொரு கதை உண்டு. வெறுப்பு தன் கம்பெனிக்கே நட்டம் என்பதை ரேஞ்சர்ஸ் புரிந்துகொள்ள இன்னும் இருபது வருடம் பிடித்தது.

நிர்வாகிகள் அறையில் இரு கிளப்புகளுக்குள் பகை இருந்ததாகவும் தெரியவில்லை. 1952இல் செல்டிக் மைதானத்தில் பறக்கும் அயர்லாந்துக் கொடியை இறக்கச் சொல்லி ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் மிரட்டியது. செல்டிக்குக்காக நின்றது யார்? ரேஞ்சர்ஸ். செல்டிக் இல்லாத லீகில் ரேஞ்சர்ஸ் யாரை வைத்து டிக்கெட் விற்கும்? 1984இல் சட்டையில் விளம்பரம் போட முன்வந்த சி.ஆர். ஸ்மித் என்ற ஜன்னல் கண்ணாடிக் கம்பெனி இரண்டு அணிக்கும் சேர்த்தே பணம் கொடுத்தது. ஒரு சட்டையில் மட்டும் பெயர் போட்டால் பாதி ஊர் ஜன்னல் வாங்காது. அதன் பிறகு வந்த பீர் கம்பெனிகளும் அதே வழியில் நடந்தன. ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளத் துடிக்கும் இரு கூட்டத்தின் மார்பிலும் பல ஆண்டுகள் ஒரே பீர் பெயர்.

சட்டை மாறிய நாள்

1989 கோடை. மோ ஜான்ஸ்டன் பிரான்ஸின் நான்ட் அணியிலிருந்து பழைய வீடான செல்டிக்குக்குத் திரும்புகிறார் என்று பச்சை வெள்ளைச் சட்டையோடு படமெல்லாம் எடுத்தாயிற்று. ஜூலை 10ஆம் தேதி அவரை ஐப்ராக்ஸில் உட்காரவைத்து, ரேஞ்சர்ஸ் வீரர் என்று அறிவித்தார் மேனேஜர் கிரேம் சூனெஸ். கத்தோலிக்கர். அதுவும் முன்னாள் செல்டிக். அதுவும், 1986 லீக் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி, வெளியேறும்போது சிலுவை அடையாளம் போட்டுக் காட்டியவர்.

ஐப்ராக்ஸ் வாசலில் கழுத்துத்துணிகளும் சீசன் டிக்கெட்டுகளும் எரிந்தன. அந்தப் பக்கம் செல்டிக் ரசிகர்களுக்கு அவர் யூதாஸ். 1976இல் பர்மிங்காமில் ரசிகர்கள் செய்த கலவரத்துக்குப் பிறகு, இனி மதம் பார்க்க மாட்டோம் என்று ரேஞ்சர்ஸ் பகிரங்கமாகச் சொல்லியிருந்தது. சொல் செயலாகப் பதின்மூன்று வருடம். அந்த நவம்பரில் செல்டிக்குக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் ஜான்ஸ்டன் கோல் அடித்தார். 1-0. நீலக் கேலரி துள்ளிக் குதித்தது. பத்து வருடத்துக்குள் ரேஞ்சர்ஸின் கேப்டனே இத்தாலியக் கத்தோலிக்கரான லொரென்சோ அமொரூஸோ. ஆனாலும் கேலரியில் போப்பைத் திட்டும் பாட்டு நிற்கவில்லை. கோல் போட்டவரும் கேப்டனும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் ஆடினார்கள்.

பாட்டோடு நின்றால் பரவாயில்லை. 1995 அக்டோபரில் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு பிரிட்ஜ்டன் பகுதித் தெரு வழியே நடந்த 16 வயதுப் பையனின் கழுத்தை அறுத்தான் ஒருவன். அன்று எதிரணி ரேஞ்சர்ஸ்கூட இல்லை. பையனின் தோழி 2000இல் 'நில் பை மவுத்' என்ற அமைப்பைத் தொடங்கினார்; பள்ளிகளில் அது இன்றும் இதைப் பேசிவருகிறது. 1999 மே மாதம் கோப்பை வென்ற இரவில், ரேஞ்சர்ஸின் துணைத் தலைவர், நாட்டின் பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் டொனால்ட் ஃபிண்ட்லே, கத்தோலிக்க வெறுப்புப் பாடல்களை மைக் பிடித்துப் பாடியது வீடியோவில் சிக்கியது. பதவி விலகினார். 2002இல் வடக்கு அயர்லாந்து அணிக்குத் தலைமை ஏற்க இருந்த நாளில், செல்டிக் வீரர் நீல் லெனனுக்குக் கொலை மிரட்டல் வந்தது. சர்வதேச ஆட்டத்தையே விட்டுவிட்டார். 2011இல், அவர் செல்டிக் மேனேஜராக இருந்தபோது, அவர் பெயருக்குப் பார்சல் குண்டு அனுப்பப்பட்டது.

ஆட்ட நாளில் வீட்டுக்குள் நடப்பது இதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. இந்த இரு அணிகளும் மோதும் நாட்களில் பெண்கள் அடிபடும் புகார்கள் கூடுவதைக் காவல்துறை திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கிறது. 

சட்டம் தன் பங்குக்கு ஓடியது. 1980 கோப்பை இறுதியில் இரு கூட்டமும் மைதானத்தில் பாட்டில்களோடு மோத, குதிரைப் போலீஸ் இறங்க, ஸ்காட்லாந்து மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது. 2012இல் ஆட்டங்களில் வெறுப்புப் பேச்சுக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். எதைப் பாடினால் குற்றம் என்று போலீஸுக்கும் புரியவில்லை, நீதிபதிக்கும் புரியவில்லை. 2018இல் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஐப்ராக்ஸில் செல்டிக் ரசிகர்களுக்கு ஒதுக்கும் 7,000க்கு மேற்பட்ட இடங்களை ரேஞ்சர்ஸ் 800 சொச்சமாக வெட்டியது. செல்டிக்கும் பதிலுக்கு வெட்டியது. கடைசியில் எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத ஆட்டங்கள் நடந்தன. 50,000 பேர் ஒரே பக்கமாக நின்று, காலியான மூலையைப் பார்த்துத் திட்டினார்கள். சகிக்கவில்லை போலும். 2025 ஜனவரியில் மறுபடியும் கொஞ்சம் எதிரிகளை உள்ளே விட்டார்கள்.

எதிரி ஒரேயடியாகப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஃபாஸ்ட் சாட்சி. அங்கே செல்டிக்கின் பெயரையே வைத்துக்கொண்ட பெல்ஃபாஸ்ட் செல்டிக் என்ற அணி இருந்தது. 1948 டிசம்பர் 27 அன்று, பிராட்டஸ்டன்ட் ஆதரவு அணியான லின்ஃபீல்டின் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்து, பெல்ஃபாஸ்ட் செல்டிக்கின் ஜிம்மி ஜோன்ஸ் காலை மிதித்து உடைத்தது. ஜோன்ஸ் பிராட்டஸ்டன்ட். அந்த சீசனோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீகிலிருந்து விலகியது, திரும்பவே இல்லை.

சட்டைக்குள் இருந்த ஆளைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்த கதையில் அது முதலாவது இல்லை.

1931 செப்டம்பர் 5, ஐப்ராக்ஸ். சுமார் 80,000 பேர். இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம். ரேஞ்சர்ஸின் சாம் இங்கிலிஷ் பந்தோடு பாய்கிறார். செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன் அவர் காலடியில் விழுந்து பந்தைத் தடுக்கிறார். தலையில் முழங்கால் மோதுகிறது. தாம்சன் அசையவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த ரேஞ்சர்ஸ் கூட்டம் ஊளையிட்டுக் கைதட்டியது. ரேஞ்சர்ஸ் கேப்டன் டேவி மீக்கிள்ஜான் அந்தக் கேலரிக்கு ஓடிப்போய், இரு கையையும் உயர்த்தி அடங்கச் சொன்னார். அடங்கியது. அன்றிரவு தாம்சன் இறந்தார். வயது 22.

ஃபைஃப் வட்டாரத்துச் சுரங்க ஊரான கார்டன்டனில் அடக்கம். கிளாஸ்கோவில் வேலை இல்லாமல் இருந்தவர்கள் ரயிலுக்குக் காசில்லாமல் ஐம்பது மைலுக்கு மேல் நடந்தே வந்தார்கள். செல்டிக்கின் பச்சைக் கூட்டம் சுமந்து அழுத அந்தப் பையன் பிராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. மோதிய சாம் இங்கிலிஷும் பிராட்டஸ்டன்ட். அயர்லாந்தில் பிறந்து, கிளைட் நதிக்கரைக் கப்பல்தள ஊரில் வளர்ந்தவர். தெரியாமல் நடந்த விபத்து என்று தாம்சனின் குடும்பமே சொன்னது. ஆனாலும் போன மைதானமெல்லாம் 'கொலைகாரன்' என்று கூச்சல். இரண்டே வருடத்தில் லிவர்பூலுக்குப் போனார், அங்கும் அது விடவில்லை. முப்பது வயதாவதற்குள் ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

அந்த விபத்து நடந்த சீசனில் சாம் இங்கிலிஷ் லீகில் அடித்தவை 44 கோல்கள். ஒரு சீசனில் அத்தனை லீக் கோல்களை ரேஞ்சர்ஸ் சட்டையில் இன்றுவரை வேறு யாரும் அடிக்கவில்லை.